ஒன்றரை

ஜனவரி 9

ஒன்றரைக்கு,

ஆமாம், அது நீதான். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

‘திங்கட்கிழமை உன்னைப் பார்த்தேன்’ என்று போனில் சொன்னால், நான் ஊருக்கே திரும்பிவிட்டேனே என்றாய். அதற்கு மேல் பேசவும் இல்லை. அந்த அலுவலகத்தில் சேர்ந்ததிலிருந்து போனில் உனக்கு ‘ம்’, ‘சரி’, ‘வச்சிடட்டா’ மூன்றுதான் வருகிறது. அதனால் காகிதம்.

போன ஞாயிறு என் அறையிலிருந்து கிளம்பும்போது பஸ் நிறுத்தம் வரை தனியாகப் போகிறேன் என்று அடம்பிடித்தாய். அந்தத் தெருவுக்கு அடியில் ஒரு ஃபைபர் கேபிள் ஓடுகிறது. தொலைபேசிக் கம்பெனி போட்டுவிட்டு, பாதி இழைகளைச் சும்மா விட்டிருக்கிறது. அதில் ஓர் இழையின் முனை எங்கள் ஆய்வகத்தில் இருக்கிறது. உள்ளே ஒளியை அனுப்பினால் கொஞ்சம் திரும்பி வரும். மேலே மண் அசைந்தால், திரும்பி வரும் ஒளியும் அசையும். என் நான்கு வருட ஆய்வும் இந்த மூன்று வரிதான்.

திங்கட்கிழமை பதிவைத் திறந்தேன். லாரி. சைக்கிள். நாய். பிறகு ஒரு நடை. முழு அடி, அரை அடி. முழு அடி, அரை அடி. உலகத்தில் இப்படி நடக்கிற ஒரே ஆள். ஜெராக்ஸ் கடை முன்னால் நாற்பது விநாடி நின்றாய். எதற்கு?

தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. சறுக்கி விளையாடப் படிக்கட்டில் தண்ணீர் ஊற்றியவள் நான். எனக்கு ஏழு வயது. விழுந்தவள் நீ. யார் ஊற்றியது என்று அம்மா கேட்டபோது, காலைப் பிடித்துக்கொண்டே ‘நான்தாம்மா’ என்றாய். அந்தக் காலுக்கு ஒன்றரை என்று பெயர் வைத்தவளும் நான்தான். எனக்கு எவ்வளவு கொழுப்பு.

பயப்படாதே, உன்னைக் கட்டுரையில் சேர்க்கவில்லை. நீயும் லாரியும் நாயும் எனக்கு வெறும் இரைச்சல். இரைச்சலைக் கழித்தால் மிஞ்சுவது குழாய். மண்ணுக்குள் கசிகிற தண்ணீர் ஒரே சுதியில் முனகிக்கொண்டே இருக்கும். நீ நின்ற இடத்துக்குக் கீழேதான் முனகல் அதிகம். அது உனக்குத் தெரிந்திருக்காது.

கட்டுரை முடிந்துவிட்டது. என் ஆய்வுக் கைடு நேற்றுக் கூப்பிட்டார். “பத்திரிகைக்கு அனுப்புறதுக்கு முன்னாடி பாதுகாப்பு அனுமதி வாங்கணுமாம்மா. புது விதி. தண்ணிக் குழாய்க்கு என்ன பாதுகாப்புன்னு என்னைக் கேக்காத. எனக்கும் தெரியாது.” அது உங்கள் அலுவலகத்துக்குத்தான் வருகிறது. அங்கே எனக்கு ஓர் அக்கா இருப்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லலாமா?

அத்தானுக்கும் அம்மாவுக்கும் என் அன்பு. அம்மாவிடம் சாப்பிடுகிறேன் என்று சொல். உண்மையாகவே சாப்பிடுகிறேன்.

உன்
வாலு

*

ஜனவரி 20

அன்புள்ள வாலுக்கு,

சொல்லாதே. யாரிடமும்.

உன் கோப்பு நேற்று வந்தது. என் மேசைக்கேதான் வந்தது. மேலே இருந்த உன் பெயரை இரண்டு தடவை படித்தேன். பெருமைதான், வேறென்ன. குளிக்கப் போகச் சொன்னால் அழுதவளுக்கு ஐம்பது பக்கக் கோப்பு.

முதல் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. ‘விண்ணப்பதாரர் உங்கள் உறவினரா? ஆம் / இல்லை.’ ஆம் என்று போட்டால் கோப்பு அடுத்த மேசைக்குப் போய்விடும். அடுத்த மேசையில் எங்கள் மீசை சார் இருக்கிறார். அவருக்குப் புரியாதது எல்லாம் ஆபத்து, புரிந்தது எல்லாம் இன்னும் பெரிய ஆபத்து. அவரிடம் போன எந்தக் கோப்பும் பிழைத்து வெளியே வந்ததில்லை.

அதனால் இல்லை என்று போட்டேன். கல்யாணத்தில் இனிஷியல் மாறியதில் இப்படி ஒரு லாபம் இருக்கும் என்று நினைத்ததே இல்லை. உன் பெயருக்கு முன்னால் அப்பா, என் பெயருக்கு முன்னால் அத்தான். பார்க்கிறவர்களுக்கு நாம் யாரோ, எவரோ.

போட்டுவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இங்கே உள்ளே நுழையும்போதே போனை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். வீட்டுப் போன் எண்களையும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். கோப்பு முடியும்வரை பேசவேண்டாம். கடிதம் எழுதக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். இந்தக் காலத்தில் எவனாவது கடிதம் எழுதுவான் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

அம்மாவுக்கு உன்மேல் வருத்தம். ‘அவளுக்குக் குழாய் முக்கியம், நான் முக்கியமில்லை’ என்கிறாள். ஒரு வரியாவது தனியாக எழுது.

அன்புடன்
ஒன்றரை

*

பிப்ரவரி 2

ஒன்றரைக்கு,

அந்த ‘இல்லை’யைப் படித்ததும் உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. எனக்காக நீ பொய் சொல்வது இது இரண்டாவது தடவை. காலைப் பார்த்து நட.

ஜெராக்ஸ் கடை முன்னால் ஏன் நின்றாய் என்று கேட்டிருந்தேன். பதில் வரவில்லை. பரவாயில்லை.

தேதிகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டுரையாவது அச்சில் வந்தால்தான் பட்டம். பத்திரிகையின் கடைசி நாள் மார்ச் 31. பல்கலைக்கழகத்தில் என் பதிவுக்காலம் ஜூனில் முடிகிறது. அதற்குப் பிறகு நான் நான்கு வருடம் தெருவுக்கடியில் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், அவ்வளவுதான்.

இன்னொருவரும் காத்திருக்கிறார். தண்ணீர் வாரிய இன்ஜினியர். நாங்கள் குழாய்க்காரர் என்போம். அவரே அப்படித்தான் சொல்லிக்கொண்டு ஆய்வகத்துக்குள் வருவார். அந்தத் தெருவில் ஓரிடத்தில் பெரிய கசிவு இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். இடத்தை இன்னும் குறித்துத் தரவில்லை. “குறிச்சுக் குடுத்தாலும் வாயால சொன்னதை வச்சுத் தோண்ட விடமாட்டாங்கம்மா. அச்சுல வரட்டும். அதைக் கொண்டுபோய் மேசைல போட்டாத்தான் மம்பட்டியே வெளிய வரும்” என்கிறார். நல்ல மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார், தரை முழுக்கத் தூசியாக இருந்தாலும்.

எப்போது வரும் அக்கா? அதட்டவில்லை. கேட்கிறேன்.

அம்மாவுக்குத் தனிக்காகிதம் வைத்திருக்கிறேன்.

உன்
வாலு

*

பிப்ரவரி 24

வாலு,

நேரமில்லை. மூன்று கேள்வி.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவு இன்னும் இருக்கிறதா? இருந்தால் அழித்துவிடேன்.

தெருவில் போகிற யாராக இருந்தாலும் நடையை வைத்துச் சொல்லிவிட முடியுமா, இல்லை என்னைப் போலக் கால் சரியில்லாதவர்களை மட்டும்தானா?

கேபிள் முனை கிடைத்தால் யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாமா?

ஏன் கேட்கிறேன் என்று கேட்காதே.

அக்கா

*

மார்ச் 3

ஒன்றரைக்கு,

அழிக்க மாட்டேன். மன்னித்துக்கொள். உன் நடை என்னிடம் இருக்கட்டும்.

யாரை வேண்டுமானாலும் சொல்லலாம். இரண்டு மூன்று முறை கேட்டுப் பழகிவிட்டால் போதும். கைடு குதிகாலைக் குத்தி நடப்பார். குழாய்க்காரர் பாதத்தைத் தேய்ப்பார். சந்தோஷமாக இருக்கிறாரா இல்லையா என்பதுகூடத் தெரியும் என்று எனக்கு ஓர் எண்ணம், நிரூபிக்க முடியாது. முனை கிடைத்தால் யாரும் செய்யலாம். ஒளியை அனுப்பும் பெட்டி ஒன்று வேண்டும், பொறுமை வேண்டும்.

ஆனால் அதெல்லாம் நான் கழித்துவிடுகிற பகுதி. கட்டுரையில் குழாய் மட்டும்தான்.

கேட்காதே என்றதால் கேட்கவில்லை. ஆனாலும் ஒன்று. இந்த மூன்றையும் கேட்டது அக்காவா, அதிகாரியா? கையெழுத்தில் ‘ஒன்றரை’ என்று இல்லை. அதனால்தான்.

வாலு

*

ஏப்ரல் 6

அக்காவுக்கு,

உத்தரவு மார்ச் 31 அன்று வந்தது. நாள் பார்த்து அனுப்புவார்களோ.

கைடு அறையில் வைத்துப் படித்தோம். அவர் சத்தமாகப் படித்தார். மூன்றாம் பத்தி வரை வழக்கமான சொற்கள். நான்காம் பத்தி:

‘இம்முறையின் வழியே சாலையில் நடப்போரைத் தனித்தனியே இனங்காண இயலும். எடுத்துக்காட்டாக, ஒன்றரை அடியாக நடக்கும் ஒருவர் எவ்விடத்தில், எத்தனை விநாடி நின்றார் என்பதையும் அறிய இயலும். ஆகவே இக்கட்டுரையை வெளியிட அனுமதி மறுக்கப்படுகிறது.’

கைடு கண்ணாடியைக் கழற்றினார். “நடையா? நம்ம பேப்பர்ல நடை எங்கம்மா வருது?” முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். கடைசிப் பக்கம் வரை புரட்டினார். மறுபடி முதலிலிருந்து. “ஒன்றரை அடின்னா என்னது? அளவா?”

எனக்குத் தெரியாது சார் என்றேன்.

இந்த உலகத்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் மூன்று பேர். நீ, நான், அம்மா. அம்மா உத்தரவு எழுதுவதில்லை.

நேற்று இரண்டு பேர் வந்து பெட்டியை எடுத்துப்போனார்கள். பதிவுகள், வரைவுகள், நோட்டு. மரியாதையானவர்கள். ஒருவர் மேசையைத் துடைத்துவிட்டே போனார். ஆய்வேட்டின் என் பிரதியையும் உறைக்குள் வைத்து முத்திரை போட்டார்கள். “நான் எழுதினது சார், படிக்கணும்னா?” என்றேன். “விண்ணப்பம் போடுங்கம்மா. படிக்கிற தகுதி உங்களுக்கு இருக்கான்னு பார்த்துச் சொல்லுவாங்க” என்றார். கிண்டல் இல்லை. உண்மையாகவே அப்படி ஒரு படிவம் இருக்கிறதாம்.

உன்னிடம் ஒரே கேள்வி. என் கடிதத்தை அலுவலகத்துக்கு எடுத்துப்போனாயா, மனப்பாடமாகவா?

தங்கை

*

ஏப்ரல் 15

வாலுக்கு,

மனப்பாடமாக.

கோப்பு நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ‘ஆட்சேபனை இல்லை’ என்று எழுதி ஒப்புதலுக்கு வைத்தேன். இயக்குநர் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். “இதுல நடந்துபோற ஆள் யாருன்னு தெரிஞ்சிடுமா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கட்டுரையில் இல்லை, நானும் உன் கடிதத்தைப் படிக்காதவளாக இருந்திருந்தால் அதுதான் பதில். ஆனால் எனக்குத் தெரியும். பார்த்துச் சொல்கிறேன் என்று வந்தேன். அன்று மாலைதான் உனக்கு அந்த மூன்று கேள்வி எழுதினேன். நீ தெரியாது என்று எழுதுவாய் என்று காத்திருந்தேன். நீயோ, நடக்கிறவர் சந்தோஷமா இல்லையா என்பதுகூடத் தெரியும் என்று எழுதினாய்.

கட்டத்தில் ஒரு பொய் போட்டேன், உனக்காக. இரண்டாவதற்கு வாய் வரவில்லை.

நீ குழாயைப் பார்க்கிறாய். இந்த மேசைக்கு வருகிற மற்ற கோப்புகளை நீ பார்த்ததில்லை. ஒருத்தி வீட்டை விட்டு ஓடி வந்து ஊர் மாறி ஒளிந்திருக்கிறாள் என்று வை. அவள் நடையைத் தெரிந்தவன் கையில் கேபிள் முனை இருக்கிறது என்று வை. செய்முறை அச்சில் இருக்கிறது, எவனும் படிக்கலாம். நீ இரைச்சல் என்று கழித்துவிடுவது வேறு ஒருவனுக்கு அதுதான் வேண்டியது.

ஜெராக்ஸ் கடை முன்னால் ஏன் நின்றேன் என்று கேட்டாய். கால் வலித்தது. உன் அறையிலிருந்தே வலித்தது. நீ பார்த்தால் உன் முகம் சுருங்கும். இருபது வருடமாகச் சுருங்குகிறது, எனக்கு அது அலுத்துவிட்டது. அதனால்தான் தனியாகப் போகிறேன் என்றேன். நீ பார்க்காத இடத்தில் நின்று கொஞ்சம் அழுதேன். நாற்பது விநாடி என்று எண்ணி எழுதியிருந்தாய்.

சிரித்தேன் என்றும் எழுதியிருந்தாய்.

உத்தரவை எழுதும்போது வேறு சொல் தேடினேன். கிடைக்கவில்லை. அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தேன், என் பெயரை நானே கோப்பில் எழுதியிருக்கிறேன் என்று. அது தவறு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மறுத்ததற்குக் கேட்க முடியவில்லை.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. உனக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறாள். அளவு அனுப்பு.

அக்கா

*

மே 21

அக்காவுக்கு,

அழுதாய் என்பது எனக்குத் தெரியாது. கருவிக்கும் தெரியாது. நின்றது மட்டும்தான் தெரிந்தது. சிரித்ததற்கு வெட்கப்படுகிறேன். இதை எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது.

இனி மற்றது.

ஒன்று. உன் உத்தரவின் ஐந்தாம் பத்தி. ‘கருவி, பதிவுகள் யாவும் உரிய பயன்பாட்டிற்காகத் துறையிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்.’ உரிய பயன்பாடு. போன வாரம் ஒரு கடிதம் வந்தது. பதிவில் மனித நடையைக் கழிக்கும் கணினி நிரலைத் திருப்பி எழுதித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். அதாவது குழாயைக் கழித்துவிட்டு நடையை மட்டும் வைத்துக்கொள்வது போல. வேலையும் தருவார்களாம்.

நீ ஒளிந்திருப்பவளைக் காப்பாற்றவில்லை அக்கா. ஒட்டுக்கேட்பது நிற்கவில்லை. ஒட்டுக்கேட்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிய இருந்த ஒரே வழி நின்றுவிட்டது. அச்சில் வந்திருந்தால் எவனோ படித்திருப்பான், சரி. அவளும் படித்திருப்பாள். செருப்பை மாற்றியிருப்பாள், தெருவை மாற்றியிருப்பாள். இப்போது படித்தவர்கள் உங்கள் கட்டடத்துக்குள் மட்டும் இருக்கிறார்கள்.

இரண்டு. ஜெராக்ஸ் கடை இப்போது இல்லை. மே 12, பதினொரு மணி. தெரு உள்ளே இறங்கிவிட்டது. அடியில் மண்ணே இல்லை, தண்ணீர் அரித்துத் தின்றிருக்கிறது. கடைக்கார அம்மாவுக்கு இடது மணிக்கட்டும் இரண்டு விலா எலும்பும் முறிந்துவிட்டன. உயிருக்கு ஒன்றுமில்லை. நீ நின்ற அதே இடம்.

குழாய்க்காரர் வந்தார். செருப்பைக் கழற்றவில்லை, சேறோடு உள்ளே வந்தார்.

“நீங்க சொன்ன கசிவு அங்கதானேம்மா?”

உத்தரவின் ஆறாம் பத்தி, பதிவுகளின் உள்ளடக்கத்தை எவரிடமும் சொல்லக்கூடாது, மீறினால் சிறை.

“எனக்குத் தெரியாது சார்.”

“தெரியாதா?”

“தெரியாது.”

“சரிம்மா. தெரியலேன்னா என்ன பண்ண முடியும்” என்றார். போகும்போது தரையில் விழுந்த சேற்றைக் காலாலேயே ஒதுக்கிவிட்டுப் போனார். அவர் கத்தியிருக்கலாம்.

மூன்று. மேல்முறையீட்டுப் படிவம் வாங்கினேன். காரணங்கள் எழுத இரண்டு பக்கம் விட்டிருக்கிறார்கள், கீழே ஒரு குறிப்பு: ஆய்வின் உள்ளடக்கத்தைக் குறிப்பிடக்கூடாது. குறிப்பிடாமல் என்ன எழுதுவது? ‘ஐயா, நான் நல்ல பெண்’ என்றா? மிச்சம் இருப்பது ஏழாவது கட்டம் ஒன்றுதான். ‘உத்தரவிட்ட அதிகாரி உங்கள் உறவினரா? ஆம் / இல்லை.’ ஆம் என்றால் உத்தரவு அன்றே ரத்து. கோப்பு புதிதாக வேறு அதிகாரியிடம் போகும். மீசை சாராக இருந்தாலும் இருக்கட்டும். கைடு என் பதிவுக்காலத்தை நீட்டித்துத் தரக் கேட்பார், குழாய்க்காரர் முகத்தை நான் பார்க்கலாம்.

ஆம் என்றால் உனக்கு என்ன ஆகும் என்பதும் தெரியும்.

அதனால் நீயே சொல்லிவிடு. நீயாகப் போய்ச் சொன்னால் வேலை மட்டும்தான் போகும், வழக்கு வராது என்று படித்தேன். ஜூன் 9 கடைசி நாள். அதுவரை அந்தக் கட்டத்தைக் காலியாக வைத்திருக்கிறேன்.

தங்கை

*

ஜூன் 2

வாலு,

ஆம் என்று எழுது. நான் மறுக்க மாட்டேன். ஆனால் நானாகப் போய்ச் சொல்ல மாட்டேன்.

ஐந்தாம் பத்தி நான் எழுதியதில்லை. எல்லா உத்தரவிலும் தானாக அச்சாகி வருவது. இத்தனை வருடம் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன் கடிதம் வந்த பிறகு பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இருக்கிறது.

தெரிந்த பிறகும் நாளைக்கு அலுவலகம் போகத்தான் போகிறேன். அத்தானுக்கு எதுவும் தெரியாது. அம்மாவின் மருந்து என் அலுவலக அட்டையில் வருகிறது. இதெல்லாம் காரணம்தான், ஆனால் முழுக் காரணம் இல்லை. பயமாக இருக்கிறது, அதுதான்.

படிக்கட்டில் நான் உனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டேன், இப்போது உன் முறை என்று சொல்ல வரவில்லை. சொல்ல வரவில்லை என்று எழுதுவதே சொல்வதுதான். தெரியும். அந்த வரியை அடித்துவிடலாம் என்று நினைத்தேன், அடிக்கவில்லை.

ஸ்வெட்டர் முடிந்துவிட்டது. கை கொஞ்சம் நீளம்.

ஒன்றரை

*

ஜூன் 9

உன் முறை என்று நீ சொன்னதால் இல்லை.

ஆம் என்று எழுதியிருந்தால் ஒரு குழு உட்கார்ந்திருக்கும். நான்காம் பத்தியைச் சத்தமாகப் படித்திருப்பார்கள். இந்த ஒன்றரை யார் என்று கேட்டிருப்பார்கள். யாராவது ஒருவர், மரியாதையாகத்தான், உன்னைக் கதவு வரை நடந்து காட்டச் சொல்லியிருப்பார். இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என்னால் முடியவில்லை. இதைப் பாசம் என்று எடுத்துக்கொள்ளாதே. முடியவில்லை, அவ்வளவுதான்.

நிரல் எழுதித் தர முடியாது என்று துறைக்குப் பதில் போட்டுவிட்டேன். வேறு யாராவது எழுதிக் கொடுப்பார்கள். கடினமில்லை.

ஜெராக்ஸ் கடை அம்மாவைப் போய்ப் பார்த்தேன். என்ன படிக்கிறாய் என்று கேட்டார். படிப்பு முடிந்துவிட்டது என்றேன்.

ஏழாவது கட்டத்தில் இல்லை என்று போட்டேன். மேல்முறையீடு இனி நிற்காது. ஜனவரியில் நீ போட்டதும் இல்லை, இன்று நான் போட்டதும் இல்லை. இரண்டு படிவமும் ஒத்துப்போகின்றன, யாரும் எதையும் கண்டுபிடிக்க மாட்டார்கள். நீ போட்டபோது அது பொய். நான் போட்டபோது பொய் இல்லை.

உன் கடிதங்கள் நான்கும் இந்த உறையில் இருக்கின்றன. என்னுடையவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டாம். ஸ்வெட்டரை அம்மா அனுப்பினால் போட்டுக்கொள்வேன். அவளுக்கு வாரம் ஒரு கடிதம் வரும். அதை நீதான் படித்துக் காட்ட வேண்டியிருக்கும், அதற்கு நான் எதுவும் செய்ய முடியாது.

காலை பத்து மணிக்குப் படிவத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பிறகு ஆய்வகச் சாவியைக் கைடு மேசையில் வைத்துவிட்டு, கேபிள் போகாத தெரு வழியாக அறைக்கு நடந்து வந்தேன்.